தவக்காலத்தில் பார்த்த படம்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் குடியிருப்பில் கிறிஸ்துதாஸைத் தெரியாதவர்கள் குறைவு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். நெடுநெடுவென்று இருப்பார், தாடி விட்டால் முகத்தில் ஒரு சாந்தம் வந்துவிடும். அதனாலேயே பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும் பாஸ்கா நாடகத்தில் வருடா வருடம் இயேசு வேடம் அவருக்குத்தான்.

அவருடைய ஒரே பலவீனம் வேற்றுக்கிரகக் கதைகள். விண்கலம், இயந்திர மனிதன், காலத்தைத் தாண்டிப் போகிறவன் என்று எது அச்சில் வந்தாலும் வாங்கிவிடுவார். ரயிலில் படித்துக்கொண்டே வந்து, ஆவடியில் இறங்க மறந்து திருநின்றவூர் வரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு.

எண்பத்தாறாம் வருடத் தவக்காலத்தில் சினிமா பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து அம்பத்தூர் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சியாக ஓர் ஆங்கிலப் படம் வந்தது. போஸ்டரில், வயல்வெளி ஒன்றின் மேல் தட்டு மாதிரி ஒரு கலம் ஒளியைக் கொட்டிக்கொண்டு நின்றது. அன்று நாடக ஒத்திகை. கிறிஸ்துதாஸ், "ஓவர்டைம் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறினார்.

பேச்சில் பாதி புரியவில்லை. ஆனாலும் அந்தக் கலம் இறங்கியபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது குடியிருப்பே ஒரு விபத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒத்திகையில் அவருக்குப் பதிலாகச் சிலுவையைத் தூக்கிய பால்ராஜ் கால் இடறி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தான்.

பால்ராஜ் பூந்தமல்லிக்காரன். அவரோடு வேலை செய்யும் லேத் ஆபரேட்டர். கையை நம்பிப் பிழைப்பவன். மறுநாள் கிறிஸ்துதாஸ் அவன் வீட்டுக்குப் போனார்.

"வாண்ணாத்தே, குந்து. இன்னா, நேத்து டூட்டியில பெண்டு நிமித்திட்டானுங்களா? மூஞ்சியே தொங்கிகினு கீது."

காபி கொண்டுவந்த அவன் மனைவி புஷ்பா, "இவருதாண்ணே நான் தூக்குறேன்னு முந்திகினு போனாரு. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

அந்த ஆறுதலை அவரால் தாங்க முடியவில்லை.

"ஓவர்டைம் இல்ல பால்ராஜ். பொய் சொன்னேன். படம் பாக்கப் போயிட்டேன்."

புஷ்பா உள்ளே போனாள். பால்ராஜ் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா படம்?"

"ஆகாசத்துலேருந்து கப்பல் வர்ற படம்."

"சரி, கதய சொல்லு. வலி உயிர் போவுது. அதுனா கேக்குறேன்."

கிறிஸ்துதாஸ் தலையைக் குனிந்தபடிதான் ஆரம்பித்தார். கலத்தின் கதவு திறக்கும் இடம் வந்ததும் அவரை அறியாமல் கைகள் மேலே எழுந்தன. வாய் அந்த இரைச்சலைப் போட்டுக் காட்டியது. அப்போது மாவுக்கட்டு கண்ணில் பட, சட்டென்று நிறுத்தினார்.

"இன்னாண்ணாத்தே நிறுத்திட்ட? கதவு தொறந்துச்சு, அப்பால?"

வேடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். பங்குச்சாமியார் கேட்கவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவையைச் சுமந்து போகையில் தோளை விட மனம்தான் கனத்தது. நாடகப்படி இரண்டாம் முறை விழுந்து நிமிர்ந்தபோது, வெயிலில் மின்னிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒரு கணம் அந்தக் கலமாகவே தெரிந்தது. இப்போதுமா என்று அவர் உடம்பு நடுங்கிற்று. சுற்றி நின்ற பெண்கள் அதை நடிப்பென்று நினைத்து விம்மினார்கள்.

பால்ராஜின் எலும்பு கூடியது. ஆனால் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. அவனை லேத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து அலுத்துப்போகுமே என்று கிறிஸ்துதாஸ் தன் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தவரைப் புஷ்பா பிடித்துக்கொண்டாள்.

"ண்ணே, சோத்த பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனா, அடிபுடிச்சி ஊடே பொகையுது. இவுரு பொஸ்தகத்துல கீறாரு. கேட்டா, செவ்வாயில தண்ணி கீதாம்! இங்க கொழாயில சொட்டு இல்ல. எல்லாம் உங்களாலதாண்ணே."

"ஆமாம்மா. என்னாலதான்."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பால்ராஜுக்காக வாங்கிப் பையில் வைத்திருந்த புதுக் கதையைக் கொடுக்காமலே வீடு திரும்பினார். மறுநாள் அவனே தேடி வந்து வாங்கிக்கொண்டு போனான்.