ஒரே எக்ஸ்ரேவுக்கு இரண்டு பதில்

மூன்று வாரமாக இருமல். தேக்கா வட்டாரத்துக் கிளினிக் ஒன்றில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அதிமேதாவியான நான் அதைக் கைப்பேசியில் இருந்த ஏஐ செயலிக்கு அனுப்பி, "வெறும் சளிதானே நண்பா?" என்று கேட்டேன்.

"ஆமாம், பயப்பட ஒன்றுமில்லை" என்றது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகாமல், ஈசூனில் உள்ள என் வீட்டில் காலை நீட்டி டிவி பார்த்தேன். கிளினிக்கிலிருந்து வந்த அழைப்பையும் எடுக்கவில்லை.

மறுநாள் என் மனைவி சாந்தி அதே படத்தை அதே செயலியில் போட்டு, "இவருக்கு நுரையீரல்ல ஏதோ இருக்குதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம், வலப்பக்கம் நிழல் தெரிகிறது. உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்றது!

"என்னங்க, உங்க நண்பன் எனக்கும் ஆமாம் போடுறான் லா! கிளம்புங்க டாக்டர்கிட்ட."

சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. "இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நுரையீரல் ரொம்பக் கெட்டுப் போயிருக்கும்" என்றார் டாக்டர். நண்பன் என்று நம்பியவன் கழுத்தறுத்துவிட்டான். கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் நான்தான்.

இப்போது மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். உடம்பைப் பற்றி டாக்டரிடம் மட்டுமே கேட்கிறேன். செயலியிடம் ஒரே ஒரு முறை, "நான் அழகன்தானே?" என்றேன். ஆமாம் என்றது. சாந்தி "அழகன் இல்லைதானே?" என்று கேட்பதற்குள் செயலியைக் கைப்பேசியிலிருந்தே அழித்துவிட்டேன்.