கொப்பியில் ஒரு துறைமுகம்

பேய் விளையாட்டைச் சுவர் அளவு திரையில் விளையாடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். பயம் உள்ளங்கைக்குள் இருக்க வேண்டும். அதைப் பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும், பட்டரி விளக்கு சிவப்பாக மினுங்க வேண்டும். இதற்காக யாரோடும் சண்டை பிடிக்க நான் தயார். ஆனால் சரிக்குச் சரி சண்டை பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் கனடாவில் இருக்கிறார். அவர் இப்போது விளையாடுவதில்லை.

அவர் என் அண்ணா. யுத்த காலம் அது. அப்பாவுக்குக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். லண்டன் மாமா வந்தபோது ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியையும், ஒரு பேய்த் தொடரின் முதல் விளையாட்டையும் தந்துவிட்டுப் போனார். கைவிடப்பட்ட துறைமுகம், முகமில்லாத காவலர்கள், பார்த்துப் பார்த்துச் சுட வேண்டிய தோட்டாக்கள். வரைபடம் மட்டும் கிடையாது. ஆகவே அண்ணா விளையாட, நான் பக்கத்தில் இருந்து கணக்குக் கொப்பியில் கட்டம் கட்டமாக வரைவேன். ‘இங்கே தோட்டா ஆறு’, ‘காவலன் திரும்பும்வரை பொறு’ என்று குண்டு குண்டாகத் தமிழில் எழுதுவேன். ஆமியும் பொலிஸும் வீட்டைச் சோதிக்கும் என்று பயந்து எங்கள் சனம் கல்யாண அல்பத்துப் படங்களைக்கூட அடுப்பில் போட்ட காலம். அம்மாவும் ஊர்க் கடிதங்களை எல்லாம் எரித்திருந்தார். இந்தக் கொப்பியை ஒருவரும் யோசிக்கவில்லை. விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டோம்.

அண்ணா கம்பளையில் கிழமைக்கு ஒருநாள் கணக்கு வகுப்பு எடுத்தார். பஸ்ஸில் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று அந்தக் கொப்பியை அவருடைய பையில் வைத்தது நான்தான். திரும்பி வரும் வழியில் பொலிஸார் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். துறைமுகத்தின் வரைபடம், காவலர் நிற்கும் இடம், தோட்டா எண்ணிக்கை, எல்லாம் தமிழில். அண்ணாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை கருவியையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வரைந்ததும் எழுதியதும் நான், விளையாடியே காட்டுகிறேன் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார். நான் விளையாட, அவர் கொப்பியில் விரல் வைத்துக் கூடவே வந்தார். முதல் கிடங்கு சரி. இடப்பக்கப் படி சரி. விளையாட்டில் இரண்டு தரம் செத்தேன். பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு ஒரு அறையில் விரலை நிறுத்தி, இது எங்கே என்று கேட்டார்.

அப்படி ஒரு அறை விளையாட்டில் இல்லை. அண்ணாவைப் பேய்க்காட்டி ஏமாற்ற, ‘தோட்டா முப்பது’ என்று எழுதி நானே வரைந்து வைத்தது. அதைத் தேடி ஒரு கிழமையாவது சுவரில் முட்டுவார் என்று எனக்குள் சிரித்திருந்தேன். பொய் சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வராது. உள்ளதைச் சொன்னேன். அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொடக்கத்திலிருந்து இன்னொரு தரம் விளையாடு என்றார். விளையாடினேன். அந்த இடம் வந்ததும் வெறும் சுவரில் முட்டிக் காட்டினேன். மத்தியானம் அண்ணாவை விட்டார்கள். கொப்பியைத் தரவில்லை.

அண்ணா வந்து குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதுதான் அவருக்கு நல்லது என்று நினைத்தோம். நான் கருவியை நீட்டினேன்; நீயே விளையாடு என்று திரும்பிப் படுத்தார். இரண்டு மாதத்தில் அப்பாவும் அம்மாவும் அவரைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்தத் தொடரில் ஐந்து விளையாட்டுகள் வந்தன. ஐந்தையும் முடித்துவிட்டேன். இப்போது வரைபடம் திரை மூலையில் தானே வந்துவிடுகிறது. எனக்கு அதில் வேலையில்லை. “கவனம், பின்னால நிக்கிறான்” என்று கத்துவதற்கும் பக்கத்தில் ஆள் இல்லை. அண்ணாவோடு இருந்து பயப்பட ஆசையாக இருக்கிறது. போன வருடம் புதுக் கருவி ஒன்றையும் கடைசி விளையாட்டையும் அவருக்கு அனுப்பினேன். கிடைத்ததென்று தொலைபேசியில் சொன்னார். விளையாடிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“தங்கச்சி, நான் இப்பவும் லைற்றை நூர்க்காமல், எரியவிட்டுத்தான் படுக்கிறன்,” என்றார்.

இத்தனை வருடத்தில் அன்றுதான் முதல்தரம் கேட்டேன்.

“அண்ணா, அங்க உங்களை என்ன செய்தவங்கள்?”