விரதம் என்று நான் பெருமைப்பட்ட பட்டினி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சொந்த டயர்க் கடை போட்டு முன்னுக்கு வந்தவன். அதனால், குடும்பத்தோடு வாடகைக் காரில் இத்தாலியைச் சுற்றத் திட்டமிட்டபோது மகளின் யோசனை எதையும் கேட்கவில்லை. "றோட்டைப் பற்றி எனக்கே பாடமோ?" என்று, தினம் ஒரு மலையூராக வழியை நானே வகுத்தேன்.

அங்கே என் மனைவி காலையில் எதுவும் சாப்பிடவில்லை. கேட்டால், "இண்டைக்கு விரதம்" என்பாள். வெளிநாட்டிலும் விரதம் விடாதவள் என்று சொந்தக்காரருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் பெருமையடித்தேன்.

மூன்றாம் நாள், ஒரு சிற்றூரில் காரைவிட்டு இறங்கியவள் மயங்கி விழுந்தாள். மகள் அவளைத் தாங்கியபடி கத்தினாள்: "விரதமும் இல்லை, ஒண்டும் இல்லை அப்பா! வளைவு றோட்டிலை அம்மாவுக்குச் சத்தி வரும், சாப்பிட்டதெல்லாம் வெளியிலை வந்திடும். அதுக்குப் பயந்துதான் பட்டினி கிடக்கிறா. இவ்வளவு வருசமா உங்களுக்குத் தெரியாதோ?"

உண்மையாகவே எனக்குத் தெரியாது.

கண் திறந்த மனைவி, "நீங்கள் ஆசையாப் போட்ட பிளான். நான் ஏன் கெடுக்கவேணும்?" என்றாள். வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மிச்ச ஊர்களை விட்டுவிட்டு அங்கேயே தங்கினோம். இப்போது எந்தப் பயணமென்றாலும் முதலில் அவளைக் கேட்கிறேன். "எங்கையெண்டாலும் சரி" என்கிறாள். அதை நான் பதிலாக எடுப்பதில்லை. அவள் ஓர் ஊரின் பெயரைச் சொல்லும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.