கதவில் வைத்த காது

"அங்கிள், நான் கதவுல காத வெச்சுக் கேக்கறேன்" என்றாள் என் மகளின் தோழி. கதை சொல்லியே ஆடும் இந்த விளையாட்டு அவளுக்குப் புதிது. கதவும் பாழடைந்த கோட்டையும் எங்கள் பேச்சில் மட்டுமே இருப்பவை. அவளுக்கு ஏதாவது கேட்குமா என்று முடிவு செய்ய, நிமிர்த்தி வைத்த அட்லஸுக்குப் பின்னால் பகடையை உருட்டினேன். கேரம் பலகையில் அது உருண்ட சத்தத்தில் நான் வளர்ந்த ஏ.எஸ்.ராவ் நகர் வீடு நினைவில் திரும்பி வந்தது.

அங்கே இந்த விளையாட்டை எங்களுக்கு நடத்தியவள் அக்கா. ஜாவா கோர்ஸிலிருந்து வந்ததும் வராததுமாகப் பலகையைப் போடுவாள். போரிக் பவுடர் ஒட்டிய விரல்களால் பகடையை மறைத்துக்கொண்டு, "ஒண்ணும் கேக்கல" என்பாள். நம்பி உள்ளே போனால் பேய் நிற்கும்.

"நக்கோ அக்கா, வேணாம், இது சீட்டிங்" என்பான் பக்கத்து வீட்டு இம்ரான்.

"கேக்கலன்னுதானே சொன்னேன்? யாரும் இல்லன்னா சொன்னேன்?"

ஷூவுக்கு பாலிஷ் போட்டபடியே அப்பா சிரிப்பார்.

அந்த வருட மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் அறையைச் சாத்தி வைத்தார்கள். ஒரு சாயங்காலம் நான் அந்தக் கதவில் காதை வைத்து நின்றதை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா பார்த்துவிட்டார்.

"என்னடா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலப்பா."

அவர் திட்டவில்லை. டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு, என் தலைக்கு மேலே தன் காதையும் கதவில் வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றோம்.

"அங்கிள், என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"சரி, அப்பத் தெறக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

அதை மட்டும் நானும் அப்பாவும் செய்யவேயில்லை.