சந்தனப் பொட்டுக்குக் கீழே

கல்யாண வாடகைக்கு ஓட்டலாமென்று கொழும்பிலிருந்து பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் ஊரான அட்டனில், கோயில் வாசலில் பூசை போட்டோம். பின்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் உப்பியிருந்தது கண்ணை உறுத்தியது. அதன்மேலேயே பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

வண்டி ஓட்டப்போகிற என் தம்பி கவனித்துவிட்டான்.

"அண்ணே, உள்ளுக்குத் துரு இருக்கும் போல. தட்டிப் பாத்துருவோமா?"

"பூச போட்ட வண்டிடா. அதுல போயி சுத்தியல வைக்காத," என்றேன்.

அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.

மறுவாரம் இறம்பொடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். ஒரு வளைவில் துருவேறிய அடிச்சட்டம் முறிந்து, பின்சக்கரம் கழன்று, வண்டியோடு பள்ளத்தில் விழுந்துவிட்டான்.

அவனை அடக்கம் செய்தபிறகு வண்டியைப் பார்க்கப் போனேன். மழையில் கரைந்த பொட்டின் கறை இன்னும் இருந்தது. பொட்டு வைத்த விரலாலேயே அழுத்தினேன். நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கியது.

இப்போதும் யாராவது வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூப்பிட்டால், அந்த விரலை மடக்கிக்கொண்டு நிற்கிறேன்.