மையக்காவின் எட்டாம் நம்பர் பிரதி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மையக்கா என்றுதான் கூப்பிடுவோம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாவற்றிலும் அழியாத மையால் வார்டு எண் எழுதுவது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. 'ஏழாம் வார்டு' என்று எழுதினால் ழகரத்தின் வாலை ஒரு சுழி சுழித்து மேலே இழுத்துவிடுவாள். அந்த எழுத்தின் மேல் படுக்காத நோயாளி எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது.

மதிய இடைவேளையில் அதே கையால் ஒரு பத்திரிகையும் எழுதினாள். எட்டுப் பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஜெராக்ஸ் எடுத்து இருபது பிரதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். உள்ளே இருந்ததெல்லாம் நாங்கள் சொன்னவைதான். நீராவியில் கை வெந்தது, அழுக்குத்துணிக்குள் கிடந்த ஊசி குத்தியது, எங்களில் ஒருத்தி உள்ளே இருக்கும்போது சூப்பர்வைசரும் நுழைந்து துணிக்கிடங்கின் கதவைச் சாத்தியது. யார் பெயரும் இருக்காது. கடைசிப் பக்கத்தில், 'கைக்குக் கை மட்டும். படித்ததும் திருப்பித் தரவும்' என்றிருக்கும்.

என் அக்கா மகள் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். வேலை செய்யும் பெண்கள் எழுதுவதைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்றதும் எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. என்னிடமிருந்த பிரதியை எடுத்து நீட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மையக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்டி" என்றேன்.

"எதுக்கு சித்தி? பேரே இல்லையே. எங்க புரொபசரும் சொல்லிட்டார், நாலு பேருக்குக் குடுத்துட்டாலே அது பொதுவுல இருக்கற எழுத்துதானாம்."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவளும் கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரி பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் மறைத்தாள். ஆனால் அசல் அசலாகவே இருக்கட்டும் என்று துணிக்கிடங்குப் பக்கத்தை மட்டும் படமெடுத்து ஆய்வேட்டில் அப்படியே போட்டாள். பட்டமும் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து அந்தப் புரொபசர், பாவம், எங்களைப் போன்றவர்கள் மேலுள்ள அக்கறையில், அது எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமலே, எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் நலக் கூட்டத்துக்கே பேச வந்தார். திரையில் அந்தப் பக்கம் சுவர் அளவுக்கு விரிந்தது. முன்வரிசையில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு வரியும் படிக்கவில்லை. ழகரத்தைப் பார்த்தான், போதும்.

விசாரணை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். 'நான் எதுவும் சொல்லவில்லை, அவளாகக் கட்டிவிட்ட கதை' என்று தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கதவைச் சாத்தியது யாருக்கு நடந்ததோ, அவளும் போட்டாள். நானும் போட்டேன். மையக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அக்கா மகள் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்தை நீக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம் இருக்கிறதாம், எழுதியவர் தன் கைப்பட விண்ணப்பிக்க வேண்டுமாம். இருவரும் மையக்கா வீட்டுக்குப் போனோம்.

அவள் என்னைப் பார்த்ததும், "எட்டாம் நம்பர் திரும்பி வரல. உன்னுதுதானே?" என்றாள்.

"ஆமாக்கா."

"கேட்டிருந்தா வேற யார் கையாலயாவது எழுத வச்சுக் குடுத்திருப்பேனே." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா மகள் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். "பெரியம்மா, ஒரு வரி எழுதினாப் போதும்."

மையக்கா பேனாவை வாங்கவில்லை. அதன் மூடியைக் கழற்றச் சொல்லி, நிப்பில் கட்டைவிரலைத் தேய்த்து, படிவத்தில் அழுத்தினாள்.

"எழுதத் தெரியாதுன்னு போட்டுக்கோம்மா."

அக்கா மகள் அப்படியே நிரப்பி அனுப்பினாள். எழுதத் தெரியாதவர் அந்தப் பக்கத்தை எழுதியிருக்க முடியாது என்று படிவம் திரும்பி வந்துவிட்டது. பக்கம் இன்னும் அங்கேயே இருக்கிறது.