செண்பகத்தின் வயலில் சேதம் இல்லை

செண்பகத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வேலையைக் கிடக்க விடாத குணம். திருவாமாத்தூரில் அவள் வாக்கப்பட்டு வந்த வீட்டுக்கு இருப்பது முக்கால் ஏக்கர். புருஷன் விருத்தாசலம் வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுவதால், மடை திறப்பது முதல் மருந்தடிப்பது வரை அவள்தான்.

கார்த்திகைப் புயலில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கதிர் வாங்கி நின்ற சம்பா நெல் அத்தனையும் படுத்துப்போனது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் பயிருக்கு மேல் மணல். எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து அழுதார்கள். அவளும் அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். விருத்தாசலத்தையும் வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தி, அழுகிய பயிரை வாரிக் குவித்து, மணலை வழித்து ஓரத்தில் கொட்டி, மண் காய்வதற்குள் உளுந்து தெளித்தாள்.

பக்கத்து நிலத்துக்காரர் சக்கரபாணி வரப்பில் நின்று கத்தினார்.

"ஏம்மா, சேதம் கணக்கெடுக்க ஆபீசருங்க வர்ற வரைக்கும் அப்பிடியே போட்டு வையேன். இன்னா ஜல்தி உனக்கு?"

"அவங்க வர்ற வரைக்கும் ஈரம் காத்துக்கினு இருக்குமாண்ணே?"

அவர்கள் வந்தது மார்கழி முடியும் நேரத்தில். உளுந்து அதற்குள் தரையை மூடியிருந்தது. கையில் போனோடு வந்த அதிகாரி வயலைப் பார்த்துச் சிரித்தார்.

"பச்சைப் பசேல்னு இருக்கேம்மா. இதுல சேதம் எங்க?"

"நெல்லு போச்சு சார். இது அப்பால தெளிச்சது. அதோ வழிச்சிப் போட்ட மணலு. அழுகின பயிரு அங்க குமிஞ்சி கெடக்குது, வந்து பாருங்க."

"குப்பைய எல்லாம் போட்டோ எடுக்க முடியாதும்மா. நெலத்துல பயிர் அழிஞ்சி கெடக்கணும். அதான் ரூலு."

செண்பகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் அழுதுக்கினே கெடந்திருந்தா நிவாரணம் குடுப்பீங்க. எழுந்து வேலை செஞ்சதால எனக்கு ஒண்ணும் கெடையாதா?"

அவர் 'சேதம் இல்லை' என்று போனில் தட்டிவிட்டு, சக்கரபாணியின் வயலைப் படம் பிடிக்கத் திரும்பினார். அங்கே நெல் அழுகியது அழுகியபடியே கிடந்தது. சக்கரபாணி மெல்ல அவளிடம் வந்தார்.

"என் நெலத்துல ஒரு ஓரமா வந்து நில்லும்மா. உன்னுதுன்னு சொல்லிக்கலாம்."

"செத்தது என் நெல்லுண்ணே. உங்க நெல்லக் காட்டி நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

இரண்டு வயலுக்கும் நடுவரப்பில் போய் நின்றுகொண்டாள். அதிகாரி போனை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"எறங்கும்மா. உன் பச்சையும் சேர்ந்து படத்துல விழுது."

"விழட்டும் சார். ரெண்டுலயும் பாஞ்சது ஒரே ஆத்துத் தண்ணி. மேலதிகாரிங்க கேட்டா, ஆறு என் நெலத்த மட்டும் விட்டுட்டுச் சுத்திக்கினு போச்சுன்னு நீங்களே சொல்லிக்குங்க."

"இப்பிடிப் பேஜாரு பண்ணா எதையும் எடுக்காம போயிடுவேன்."

சக்கரபாணியின் முகம் செத்துப்போனது. அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னுதும் போயிடும்மா. எறங்கிடு."

செண்பகம் பல்லைக் கடித்தாள்.

"உங்களுக்காக எறங்கறேண்ணே. இந்த ஆளுக்காக இல்ல."

இறங்கி உளுந்துக்குள் குந்தினாள். அவர் படம் எடுத்து முடித்துப் போகும்வரை தலை நிமிராமல் களை பறித்தாள். பறித்த வேகத்தில் களையோடு உளுந்துச் செடியும் வேரோடு வந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கவில்லை.